பல்ப் நட்டதும் பல்ப் வாங்கியதும்

போன மாதம் ஆனந்தி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த நகரசபைப் பூங்காவில் இப்போது அவள்தான் பூப்பாத்திகளுக்குப் பொறுப்பு. சென்னைக்காரி. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

"அக்கா, இந்த வருஷம் நாங்க பல்பு நடல. பல்பு மாட்டுறோம்!"

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. டியூலிப்பும் டாஃபடிலும் விதையிலிருந்து வளர்வதில்லை. வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கை மண்ணில் நடவேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் பல்ப் என்று பெயர். என் உழைப்பு முழுவதும் அந்தப் பல்போடுதான் போனது. இந்த வசந்தத்துக்கு அது வேண்டாமாம். பிளாஸ்டிக் தண்டு, பிளாஸ்டிக் இதழ், உள்ளே ஒரு மின்சார பல்ப். பொழுது சாயத் தானாகவே பூக்கும், பூங்காவைப் பூட்டும்போது தானாகவே வாடும். தண்ணீர் வேண்டாம், பசளை வேண்டாம், பிலோமினா என்கிற என்னைப்போல ஒருத்தியும் வேண்டாம்.

"யாரின்ர யோசனை இது?" என்றேன்.

"உங்க சிவபாலன் சார்தான். ரிட்டயர் ஆகி கன்சல்டன்ட்டா திரும்பி வந்துட்டாரு. திறப்பு விழாவுக்குப் பழைய ஸ்டாஃப் எல்லாரையும் கூப்பிடச் சொல்லியிருக்காங்க. நீங்க கண்டிப்பா வரணும்."

அந்தப் பெயரைக் கேட்டபின்தான் இதை எழுத உட்கார்ந்தேன். காரணம் இருக்கிறது. சிட்னித் தமிழருக்குள் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'தலைகீழாய் நட்ட பிலோமினா.' ஹோம்புஷில் தோசை தின்னப் போனால் பக்கத்து மேசைக்காரர், "நீங்கள்தானே அந்த டியூலிப்பைத் தலைகீழா நட்ட அன்ரி?" என்று கேட்பார். மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வந்தால் சுவாமியார்கூட, "மகள், இந்தமுறை நேராய்தானே நட்டனீங்கள்?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அந்தப் பெயரை எனக்குச் சூட்டியவர் சிவபாலன். அது பொய் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மன்னாரிலிருந்து இங்கே வந்த புதிதில் கோழி வெட்டும் தொழிற்சாலையிலும் கொஞ்சக் காலம், அலுவலகங்கள் கூட்டித் துடைக்கும் வேலையிலும் கொஞ்சக் காலம் இருந்தேன். பிறகு ஒரு ஏஜென்சி என்னைப் பூங்காவுக்கு அனுப்பியது. என்ன வேலை என்று கோயிலில் கேட்டார்கள். "பல்ப் நடுற வேலை" என்றேன். அடுத்த ஞாயிறு ஒரு அன்ரி, தன் வீட்டு வாசல் விளக்கு எரியவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டா. நான் போய் மாற்றிக் கொடுத்தேன். மீன் குழம்பும் சோறும் கிடைத்தது.

வேலை நிரந்தரம் இல்லை. மாசியில் கூப்பிடுவார்கள், பூ முடிந்ததும் நிறுத்துவார்கள். சிட்னியில் டியூலிப் ஒரு வருடப் பூ. அடுத்த வருடம் பூப்பதற்குத் தேவையான குளிர் இங்கே மண்ணில் இல்லை. ஆகவே பூத்து முடிந்ததும் கிழங்கைக் கிளறி எறிந்துவிடுவார்கள். அதோடு சேர்த்து என்னையும் எறிவார்கள். அடுத்த வருடம் புதுக் கிழங்கு, அதே பிலோமினா. கோடை முழுவதும் வீட்டில் இருந்து ஏஜென்சிக்காரன் எடுப்பானா என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கேவலமான வேலை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு 'பெர்மனன்ட்' வேண்டும். வேறு ஆசை எதுவும் அப்போது எனக்கு இருக்கவில்லை.

என் மேலாளர் கிரெக். வெள்ளைக்காரன், ஒட்டகம் மாதிரி உயரம், கவிழ்த்து வைத்த வாளியில் குந்தியிருந்துதான் மதியச் சாப்பாடு. கதிரை கொடுத்தாலும் இருக்கமாட்டான். கோபம் வந்து சத்தம் போட்டதை நான் பார்த்ததே இல்லை. அவனிடம் இரண்டே சொற்கள். எல்லாம் சரியென்றால் "நோ வொரிஸ்." ஏதாவது கவிழ்ந்து கொட்டுண்டு போனால் "இன்ட்ரெஸ்டிங்." முதல் வருடம் நான் ஒரு கூடைக் கிழங்கைக் கீழே போட்டேன். கிரெக் வந்து குனிந்து பார்த்தான். "இன்ட்ரெஸ்டிங்" என்றான். பாராட்டுகிறான் என்று நினைத்து "தாங்க் யூ" சொன்னேன்.

கிழங்கை அவன் முட்டை மாதிரித்தான் எடுப்பான். வந்திறங்கிய பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து முதலில் மோந்து பார்க்கவேண்டும். பூஞ்சணம் மணத்தால் அந்தப் பெட்டி தனியாக வைக்கப்படும். பிறகு பெருவிரலால் மெல்ல அழுத்தவேண்டும், இளகியது குப்பைக்கு. நல்லதெல்லாம் கூல்ரூமுக்கு, அதாவது ஆள் நடந்து போகக்கூடிய பெரிய குளிர் அறைக்குப் போகும். அங்கே வாரக்கணக்கில் இருந்து, தான் குளிர்நாட்டில் ஒரு பனிக்காலத்தைக் கழித்துவிட்டதாக அந்தக் கிழங்கு ஏமாறவேண்டும். ஏமாந்தால்தான் பூக்கும். மே மாதம் மண் ஆறியதும் வெளியே எடுத்து, நடுவதற்கு முன் எல்லாவற்றையும் பாத்திமேல் பரப்பி இடம் பார்த்து, ஒரு சாண் ஆழத்தில், கூர் மேலே, அடிப்பக்கம் கீழே. மேலே மண்ணைப் போட்டால் கையால் அமத்தக்கூடாது. "போர்த்திவிடு, புதைக்காதே" என்பான்.

கூல்ரூம் கதவில் கிரெக் தன் கையால் எழுதி ஒட்டிய ஒரு மட்டை இருந்தது. 'பழம் கூடாது. உன்னுடையதும் கூடாது.' பழம் பழுக்கும்போது ஒரு வாயு விடும். மூடிய அறைக்குள் அது சேர்ந்தால் கிழங்குக்குள் இருக்கும் குட்டிப் பூ செத்துவிடும். கிழங்கு செத்திருக்காது, அதுதான் மோசம். தொட்டுப் பார்த்தால் கல்லுமாதிரி இருக்கும். நட்டால் முளைக்கும், இலை விடும். வசந்தத்தில்தான் விசயம் தெரியவரும். ஆகவே மதியச் சாப்பாட்டில் ஒரு வாழைப்பழம் இருந்தால்கூட நாங்கள் கூல்ரூம் பக்கம் போகமாட்டோம்.

இனிச் சிவபாலன். நகரசபையின் கட்டடங்களுக்கும் வண்டிகளுக்கும் சாவிகளுக்கும் பொறுப்பான மனேஜர். யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடமொன்றின் பழைய மாணவர். அதைச் சொல்லாமல் அவர் யாருக்கும் காலை வணக்கம் சொன்னதில்லை. அலுவலகத்தில் "ஷிவா" என்று கூப்பிட்டால் பூரிப்பார். நான் "அண்ணை" என்று கூப்பிட்டால் சுற்றிவரப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

அவருடைய மகள் அபிக்குச் சாமத்திய வீடு வந்தது. இங்கே பிள்ளை பெரியவளானால் ஹோல் எடுத்து, மணவறை போட்டு, குதிரை வண்டியில் கூட்டிவந்து, கல்யாணத்தைத் தோற்கடிக்கும் விழாவாகச் செய்வார்கள் என்பது தெரிந்ததுதான். பிள்ளைக்கு விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை ஒரு காரணம், அவ்வளவுதான். சிவபாலன் விழாவை ஈஸ்டர் பள்ளி விடுமுறைக்குள் வைத்தார். அதே வாரங்களில் எங்கள் டியூலிப் கூல்ரூமுக்குள் குளிரில் கிடந்தது.

ஈஸ்டருக்கு எங்களுக்கும் ஒரு கிழமை லீவு. முடிந்து வந்த திங்கட்கிழமை காலை நான் கூல்ரூமைத் திறந்தேன். அப்பிள் மணத்தது. உள்ளே பெட்டிகளைத் தவிர ஒன்றும் இல்லை. சாவிகளுக்குப் பொறுப்பு சிவபாலன் என்பதால் அவரிடமே போய்க் கேட்டேன்.

"அண்ணை, கூல்ரூமுக்குள்ள அப்பிள் மணக்குது."

"ஓம் தங்கச்சி, கிளீனர்மார் புது மருந்து போட்டுக் கழுவினவை. அப்பிள் வாசம். நல்லா இருக்கென்ன?"

நம்பினேன். மருந்துக்கு எலுமிச்சை வாசம் இருந்தால் அப்பிள் வாசம் இருக்கக்கூடாதா? அதற்கு முந்திய சனிக்கிழமைதான் லிட்கம் பக்கத்து ஹோலில் சாமத்திய வீடு நடந்திருந்தது. நானும் போயிருந்தேன். தட்டங்கள் வரிசையாக வந்தன. அப்பிளில் மயில், பியர்ஸில் அன்னம், அப்பிளிலேயே ஒரு கோபுரம். முடிந்து வரும்போது எல்லோருக்கும் ஒரு பையில் இரண்டு பழம் தந்துவிட்டார்கள். ரயிலில் வரும்போது ஒரு அப்பிளைக் கடித்தேன். பல் கூசும் குளிர். எவ்வளவு கவனமாய் வைத்திருந்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டு சாட்சியை விதையோடு தின்று முடித்தேன்.

மே மாதம் நட்டோம். ஆடியில் முளை வந்தது. ஆவணியில் இலை தளதளவென்று நின்றது. கிரெக் பாத்திகளைச் சுற்றி வந்து "நோ வொரிஸ்" என்றான். பூ முடிந்தபின் என்னைப் பெர்மனன்ட் ஆக்க எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொன்னான். அன்றைக்கு வீட்டில் நான் இறால் வாங்கிச் சமைத்தேன்.

பிறகு மொட்டு வந்தது. வந்தது என்று சொல்வதற்கில்லை. இலைக்கு நடுவில் கடதாசி மாதிரி காய்ந்த ஒரு தோல், சுண்டுவிரல் நுனியளவு. ஒன்று, பத்து, பாத்தி முழுவதும். கிரெக் முழங்காலில் இருந்து ஒன்றைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. அவன் "இன்ட்ரெஸ்டிங்" என்று சொல்லுவான் என்று நின்றேன். அன்றைக்கு அந்தச் சொல்கூட வரவில்லை.

வசந்த விழா தொடங்கியது. குளிரறைக்குப் போகாத டாஃபடில் மட்டும் ஓரத்தில் மஞ்சளாய்ப் பூத்து மானத்தைக் காப்பாற்றியது. நடுவில் ஒரு பெரிய பச்சை மைதானம். பட்டுச்சேலையோடும் ஒன்றுவிட்ட உறவுகளோடும் படம் எடுக்க வந்த நம்மவர்கள் திகைத்துப்போய் நின்றார்கள். ஒரு அன்ரி என்னைக் கூப்பிட்டா.

"பிள்ளை, இது லீக்ஸ்தானே?"

"இல்லை அன்ரி, டியூலிப்."

"எனக்குத் தெரியாத லீக்ஸே? இவ்வளவையும் என்ன செய்யப் போறியள்? ரெண்டு பிடி தாவன், சுண்டிக் கறி வைப்பம்."

கூட்டம் வைத்தார்கள். சிவபாலன் ஒரு கோப்போடு வந்திருந்தார். முதலில் பேசியதும் அவர்தான். நட்டவர்கள் தற்காலிக ஊழியர்கள், கிழங்கைத் தலைகீழாய் நட்டிருக்கலாம் என்றார். கிரெக் தலையை ஆட்டி மறுத்தான். தலைகீழாய் நட்டாலும் தண்டு வளைந்து மேலேதான் வரும், பிந்தினாலும் பூக்கும், இது பழத்தின் வேலை, யாரோ கூல்ரூமுக்குள் பழம் வைத்திருக்கிறார்கள் என்றான். சிவபாலன் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "ஃபில் தினமும் மதியத்துக்குப் பழம் கொண்டு வருவா. கூல்ரூமைத் தினமும் திறப்பதும் ஃபில்தான்" என்றார். பிலோமினா அவர்கள் வாயில் ஃபில் ஆகியிருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிரெக்கும் பார்த்தான். அதுதான் எனக்குச் சுட்டது. நான் இல்லை என்றேன். அன்றைக்கு மணத்த அப்பிள் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது, அதைச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை. வெளியே வந்ததும் சிவபாலன் கிட்ட வந்து தமிழில் ஆறுதல் சொன்னார்.

"தங்கச்சி, மனசில வைக்காதேங்கோ. ஒபிசுக்கு ஏதோ ஒரு பதில் சொல்லத்தானே வேணும்."

பெர்மனன்ட் விசயம் 'பரிசீலனையில்' என்று பதில் வந்தது. நான் காய்ந்த டியூலிப்பைக் கிளறி எறிந்துகொண்டிருந்தேன். அடுத்து என்னை எறிவார்கள், இந்தமுறை திரும்பக் கூப்பிடமாட்டார்கள் என்று நிச்சயமாய் நம்பினேன். வீட்டில் சொல்லவில்லை. குசினிக்குள் நின்று அழுதேன்.

என்னைக் காப்பாற்றியது என் நேர்மையோ கடவுளோ அல்ல. சாமத்திய வீட்டு வீடியோ.

படம் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு முடிய அரை வருடம் எடுத்திருந்தது. சிவபாலன் அதை வெல்வெட் பெட்டிக்குள் வைத்து அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். இப்படியான வீடியோவை யாரும் பார்ப்பதில்லை. தாங்கள் வரும் இடம்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைப்பதுதான் நம்மவர் வழக்கம். கிரெக்குக்கு அந்த வழக்கம் தெரியாது. ஒரு மனிதன் தன் மகளின் விழாவை உனக்குப் பரிசாகத் தந்தால் அதைப் பார்ப்பதுதான் மரியாதை என்று நினைத்து, மனைவியையும் பக்கத்தில் இருத்தி, நாலு மணித்தியாலப் படத்தையும் முதலில் இருந்து பார்த்திருக்கிறான். உலகத்திலேயே அதை முழுதாகப் பார்த்த இரண்டு பேர் அவர்கள்தான்.

திங்கட்கிழமை கிரெக் எல்லோரையும் தேநீருக்குக் கூப்பிட்டான். ஷிவாவின் படம் மிக அழகு, ஒரு பகுதியைச் சேர்ந்து பார்ப்போம் என்றான். சிவபாலன் முன்வரிசைக் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார்.

திரையில் ஒரு இரும்புக் கதவு மெல்லத் திறக்கிறது. வெள்ளைப் புகை வழிகிறது. அந்தப் புகைக்குள்ளிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட நாலு இளந்தாரிகள், சிவபாலனின் மருமக்கள், ஆளுக்கொரு அப்பிள் தட்டத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மெதுவேகத்தில் நடந்து வருகிறார்கள். பின்னணியில் தவில்.

"ஸ்மோக் மெஷின் இல்லை, இயற்கையான புகை. கமராக்காரனின் ஐடியா" என்று சிவபாலன் ஆங்கிலத்தில் எல்லோருக்கும் விளக்கினார்.

கிரெக் படத்தை நிறுத்தினான். புகை கலைந்த இடத்தில் அடுக்கடுக்காய் டியூலிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அவனுடைய கையெழுத்து. கதவில் 'பழம் கூடாது' மட்டை. அதற்கு நேரே கீழே அப்பிள் கோபுரம்.

கிரெக் தேநீரை ஒரு மிடறு குடித்தான்.

"இன்ட்ரெஸ்டிங்."

பிறகு கிரெக் கொட்டகைக்கு வந்து தொப்பியைக் கழற்றினான். "சொறி, ஃபில். உன்னைப் பார்த்திருக்கக்கூடாது" என்றான். அந்த ஒரு பார்வை எனக்குச் சுட்டது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதற்காகவே அவனை மன்னித்தேன். எனக்குப் பெர்மனன்ட் கிடைத்தது. கடிதம் 'மிஸ்டர் ஃபில்' என்று வந்தது, திருத்தக் கேட்கவில்லை. சிவபாலனுக்கும் தண்டனை கிடைத்தது. அவரை மேல்மாடிக்கு, யன்னல் வைத்த அறைக்கு, 'ஸ்ட்ரட்டஜி' என்ற பிரிவுக்கு உயர்த்தினார்கள். தமிழில் அதற்கு என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தத் தேநீர் அறையில் இருந்த தமிழர் அவரும் நானும் மட்டும்தான். வெளியே அவர் தன் கதையைத் தொடர்ந்து சொன்னார். பழம், வாயு என்று விளக்குவதைவிடத் தலைகீழாய் நட்டாள் என்பது சனத்துக்குச் சுலபமாய்ப் புரிந்தது. நான் ஏன் மறுக்கவில்லை? அந்தக் கதையைச் சொன்னால் அந்தப் பிள்ளையின் சாமத்திய வீட்டை ஊர்வாய்க்குள் இழுக்கவேண்டும். மணவறையில் தூங்கி விழுந்த அபியின் முகம் எனக்கு நினைவில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கும் வாய் கசக்காது என்று யாரும் நினைக்கவேண்டாம்.

திறப்பு விழாவுக்குப் போனேன். கைப்பைக்குள் ஒரு அப்பிளும் வைத்துக்கொண்டு போனேன். எதற்கென்று தீர்மானமாய் ஒன்றும் இல்லை. மின்சார டியூலிப் பாத்தியின் ஓரத்தில் கதிரை போட்டிருந்தார்கள். ஆனந்தி என் பக்கத்தில் இருந்தாள். எனக்கு அடுத்த பக்கம் ஒரு பெண் வந்து, "ஹலோ அன்ரி, நான் அபி. ரிமெம்பர் மீ?" என்றாள். கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

சிவபாலன் ஒலிவாங்கியைப் பிடித்தார். புதுமை, எதிர்காலம் எல்லாம் ஆங்கிலத்தில் முடிய, வந்திருந்த நம்மவர்களுக்காகத் தமிழுக்கு மாறினார். "இந்தப் பல்பில ஒரு நன்மை என்னெண்டால், இதைத் தலைகீழா நட ஏலாது. எங்கட பிலோமினா தங்கச்சியும் வந்திருக்கிறா!" என்று என்னைக் கைகாட்டினார். கூட்டம் சிரித்தது.

நான் அப்பிளை எடுத்துக் கடித்தேன். முன்வரிசை, நல்ல முறுகல் அப்பிள், சத்தம் கேட்டது. சிவபாலன் அவசரமாய் ஆங்கிலத்துக்குத் திரும்பினார்.

"வட்ஸ் வித் தி அப்பிள், அன்ரி?" என்று அபி காதுக்குள் கேட்டாள். அவள் இப்போது குழந்தை இல்லை, குழந்தையின் தாய். சொன்னேன். கூல்ரூம், புகை, தட்டம், செத்த பூ, எனக்கு வந்த பெயர், நான் ஏன் மறுக்கவில்லை என்பது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த வீடியோ? ஓ மை கோட். என்ர கல்யாணத்திலயும் அப்பா அதைப் போட்டவர்!"

குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். தகப்பனின் கையிலிருந்து ஒலிவாங்கியை மெதுவாக வாங்கினாள். உடைந்த தமிழில்தான் பேசினாள், ஒரு சொல்கூடத் தவறவில்லை.

"அன்ரி தலைகீழா நடேல்லை. என்ர பார்ட்டி அப்பிளை அப்பா பூ ரூமுக்குள்ள வச்சவர். அதாலதான் பூ செத்தது. அன்ரிக்குத் தெரியும், எனக்காகச் சொல்லாம இருந்தவ." என் பக்கம் திரும்பினாள். "சொறி அன்ரி. எனக்கு அந்தப் பார்ட்டியே வேண்டாம் எண்டு சொன்னனான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. பின்னால் யாரோ ஒரு அன்ரி உரத்த குரலில், "அப்ப அது லீக்ஸ் இல்லையோ?" என்று கேட்க, கூட்டம் வெடித்துச் சிரித்தது. சிவபாலனும் பகிடி போலச் சிரித்துப் பார்த்தார். அதற்குள் பின்வரிசையில் ஒருவர் இன்னொருவருக்கு அவரை 'அப்பிள் சிவா' என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். பட்டப்பெயர் வைப்பதில் நம்மவர்களின் வேகம் எனக்குத் தெரிந்ததுதான், இந்தமுறை அது எனக்குப் பிடித்திருந்தது.

சிவபாலன் அவசரமாய் விசையை அழுத்தினார். பாத்தியில் பாதி எரிந்தது. மற்றப் பாதிக்கு முந்தின நாள் மழை பிடித்திருக்கவில்லை. சென்னையில் ஒருவர் மூக்குடைபட்டால் 'பல்பு வாங்கினான்' என்பார்கள் என்று வேலைக்கு வந்த முதல் வாரமே ஆனந்தி எனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது என் கையிலிருந்த அப்பிளில் ஒரு கடி கடித்துவிட்டு, என் தோளில் சாய்ந்தாள்.

"இத்தனை பல்பு மாட்டினோம் அக்கா. வாங்கினது ஒருத்தர்தான்."